சட்டத்திற்கு முந்தைய இதழியல் உழைப்பு: புதுமைப்பித்தனின் சென்னைப் பணிவாழ்க்கை

ஆய்வுச்சுருக்கம்

புதுமைப்பித்தனின் வறுமையை அவரது இயல்பின் விளைவாகக் காணும் போக்கு திறனாய்வில் உண்டு. அவரை நாளிதழ்ப் பணியாளர் என்ற நிலையில் வைத்து, 1943இல் அவர் மேற்கொண்ட பணிவிலகலை 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தோடும் அதன் திருத்தத்தோடும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி வட்டாரம் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் தியாகதுருகம் கோட்டையை ஒட்டியே பேசப்படுகிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐதர் அலியும் பொருதிய 18ஆம் நூற்றாண்டுப் போர்களே அப்பேச்சின் மையம். இவ்வட்டாரத்திற்கு இதழியல் வரலாற்றோடும் ஒரு தொடர்பு உண்டு. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம், வருவாய்த்துறையில் பணியாற்றிய தந்தையின் இடமாற்றங்களால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் தொடக்கக் கல்வி பயின்றார். தந்தை ஓய்வுபெற்றபின் 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. 1931இல் இந்துக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், அரசுப் பணியாளரான தந்தையின் வழியைவிட்டு எழுத்தையே பிழைப்பாகக் கொண்டு சென்னை சென்றார். மாத ஊதியமும் ஓய்வூதியமும் உள்ள வாழ்விலிருந்து இரண்டிற்கும் உறுதியில்லாத வாழ்வுக்கு மாறியதாக இப்பெயர்வைக் கொள்ளலாம்.

தமிழ் இதழ்ப்பணியின் நிலை

சென்னையில் தமிழ் இதழ்ப்பணி தொடக்கம் முதலே மொழிபெயர்ப்புப் பணியாக அமைந்தது. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. 1904இல் அதில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்கும் ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவதே முதன்மைப் பணி. 1917இல் தேசபக்தன் ஆசிரியரான திரு.வி.க., அடுத்த ஆண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காக இதழாசிரியர் குரல் கொடுத்த அக்காலத்தில் இதழ்ப் பணியாளரின் உழைப்பு தொழிலாக எண்ணப்படவில்லை. அது தேசத்தொண்டாகவே கருதப்பட்டது. தொண்டு என்னும் அடைமொழி மதிப்பைத் தந்தது; ஊதிய உரிமையைத் தரவில்லை.

மேசைப்பணியும் எழுத்தும்

மணிக்கொடியில் கதைகள் எழுதிய புதுமைப்பித்தன், ஊழியனில் சில காலம் பணியாற்றியபின் தினமணியில் உதவியாசிரியரானார். 1934 செப்டம்பரில் டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய நாளிதழ் அது. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளைத் தமிழாக்குதல், தலைப்பிடுதல், திருத்துதல் என்பன உதவியாசிரியரின் அன்றாட வேலைகள். உலக அரசியலை நாள்தோறும் தமிழில் எழுதிய இப்பயிற்சியின் தொடர்ச்சியாக, முசோலினியைப் பற்றிய ‘ஃபாசிஸ்ட் ஜடாமுனி’, ஹிட்லரைப் பற்றி ந. இராமரத்தினத்துடன் இணைந்து எழுதிய ‘கப்சிப் தர்பார்’ ஆகிய நூல்களைக் காணலாம்.

1937இல் வெளிவந்த ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில், சென்னையில் குடியிருக்கும் எழுத்தாளர் ஒருவரின் வீட்டில் காப்பிப்பொடிக்கும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. 1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தலைமகனும் சித்த மருத்துவ இதழொன்றை நடத்துபவர். கதைகளைத் தன்வரலாறாகக் கொள்ளுதல் முறையன்று. ஆயினும் மனைவிக்கு அவர் எழுதிய, ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் தொகுப்பாக வெளிவந்த கடிதங்களில் பணமுடை திரும்பத் திரும்பப் பேசப்படுதல், கதையின் களம் கற்பனை மட்டுமன்று என்பதை உறுதி செய்கிறது.

1943ஆம் ஆண்டுப் பணிவிலகல்

1943இல் நிர்வாகத்தோடு கருத்து வேறுபாடு கொண்டு சொக்கலிங்கம் தினமணியிலிருந்து விலகினார். அவருடன் புதுமைப்பித்தன் உள்ளிட்ட சிலரும் விலகினர். 1944இல் சொக்கலிங்கம் தொடங்கிய தினசரியில் சேர்ந்த புதுமைப்பித்தன் பின்னர் அதனின்றும் விலகித் திரைத்துறையை நாடினார். ‘அவ்வையார்’ படத்தின் எழுத்துப்பணியில் பங்குகொண்டார். பர்வதகுமாரி புரொடக்சன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘ராஜமுக்தி’க்கு உரையாடல் எழுதப் புனே சென்றார். அங்கே காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். பணியைவிட்டு விலகும் இதழாளருக்குப் பணிக்கொடையை உரிமையாக்கும் தனிச்சட்டம் அக்காலத்தில் இல்லை.

சட்டம் ஏற்ற உரிமை

1952இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த பத்திரிகைக் குழு 1954இல் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து 1955இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நிறைவேறியது. ஆசிரியர், உதவியாசிரியர், செய்தியாளர், மெய்ப்புத் திருத்துநர் முதலியோரை அது பத்திரிகையாளர் என வரையறுத்தது. ஆட்குறைப்பின்போது ஆசிரியருக்கு ஆறு மாதமும் பிறருக்கு மூன்று மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டுமென்றது. நான்கு வாரங்களுக்கு 144 மணி என வேலைநேரத்திற்கு எல்லை வகுத்தது.

மூன்றாண்டு பணியாற்றித் தாமாக விலகுவோருக்கும் பணிக்கொடை உண்டு என்னும் பகுதி இங்குக் குறிப்பிடத்தக்கது. 1958இல் எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றும் இப்பகுதியைச் செல்லாதென்றது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை வேறு வடிவில் மீட்டது. பொதுவான காரணங்களால் விலகுவோர்க்குப் பத்தாண்டுப் பணி தேவைப்பட்டது. மனச்சான்றின் பொருட்டு விலகுவோர்க்கு மூன்றாண்டே போதுமானதாக இருந்தது. நிர்வாகத்தின் போக்கும் தன் நம்பிக்கையும் முரணும்போது பணியைத் துறப்பது இதழாளரின் தொழிலறம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

முடிவுரை

1943ஆம் ஆண்டின் விலகல் 1962இல் சட்டம் வகுத்த பிரிவுக்கு நெருக்கமானது. ஆனால் சட்டம் வந்தபோது புதுமைப்பித்தன் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அவரது இறுதி ஆண்டுகளின் அலைச்சலைத் தனிமனித இயல்பின் கணக்கில் மட்டும் எழுதுவது அரைகுறையான வரலாறாகும். பணிமுறையும் சட்டமும் அக்கணக்கில் சேர வேண்டும். தமிழ் இதழியல் வரலாறு இதழ்களையும் ஆசிரியர்களையும் பற்றியதாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. உதவியாசிரியர், மெய்ப்புத் திருத்துநர், அச்சுக்கோப்பவர் ஆகியோரின் ஊதியமும் பணிநிலையும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெற வேண்டும் என்பதைப் புதுமைப்பித்தனின் பணிவாழ்க்கை உணர்த்துகிறது.