குதிரைக் குளம்பும் கொல்லன் உலையும்

ஏறத்தாழ 1292-ஆம் ஆண்டளவில் தமிழகக் கரையைக் கண்டு சென்ற வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ வியப்பான செய்தி ஒன்றைத் தம் பயண நூலில் சொல்லியிருக்கிறார். இந்நாட்டு அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை விலைக்கு வாங்குகின்றனராம். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லையாம். குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லை என்பதே அவர் கூறும் காரணம். அத்துடன் நிற்கவில்லை. குதிரை விற்கும் அயல்நாட்டு வணிகர்கள் லாடம் அடிப்பவர்களைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் தடுத்துவிடுகின்றனர் என்கிறார். குதிரைகள் சாகச் சாகத்தானே வணிகம் செழிக்கும்!

இங்கு அவர் ஆண்ட சொல் கவனத்திற்குரியது. அக்கால ஐரோப்பாவில் லாடம் அடிப்பவனுக்கும் குதிரை வைத்தியனுக்கும் ஒரே பெயர்தான் வழங்கியது. குதிரையின் காலைக் காத்தவனே குதிரையைக் காத்தான். 'மார்ஷல்' என்ற சொல்லின் வேரும் அதுவே. இன்று படைத்தலைவர்களுக்குச் சூட்டும் 'பீல்டு மார்ஷல்' என்ற பட்டம் ஒரு காலத்தில் குதிரைக் கொட்டிலில் வேலை பார்த்தவனைக் குறித்தது.

இந்த வணிகத்தில் புரண்ட பணம் சிறிதன்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கணக்குப்படி, பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மாபார் எனப்பட்ட நம் கரைக்கு வந்தன. குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். பெருக்கிப் பார்த்தால் இருபத்திரண்டு லட்சம் தினார். கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கவேண்டும் என்ற ஒப்பந்தமும் இருந்ததாக அவர் எழுதுகிறார். எண்களில் மிகை இருக்கலாம். ஆயினும் குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணம் திருப்பெருந்துறையில் கோயிலாகிப்போன மாணிக்கவாசகர் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஓர் அரசின் கருவூலத்தைக் குதிரை எவ்வளவு அழுத்தியது என்பது புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' வருகின்றனர். அவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையில் வெண்ணிறக் குதிரைகளுடன் வந்து நிற்கும் கப்பல்களைக் காட்டுகிறது. அத்துறை மாமல்லபுரமோ அதை அடுத்த கரையோ ஆகலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. (அதே மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களுக்கு இடையே யானையும் சிங்கமும் காளையும் கல்லில் நிற்கின்றன, குதிரை மட்டும் இல்லை.)

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எஃகுக்குப் பெயர் பெற்ற நாடு தமிழகம். கொங்கு நாட்டுக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். தென்னாட்டு எஃகைக் கொண்டு மேற்காசியாவில் வாள் செய்தார்கள். அப்படிப்பட்ட கொல்லர்கள் இருந்த நாட்டில், பிறை வடிவமான ஓர் இரும்புத் துண்டைச் செய்யவா ஆள் இல்லை?

இரும்பு இருந்தது. இல்லாதது குளம்பைப் பற்றிய அறிவு என்றே எண்ணத் தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு: வாளுக்கு உகந்த எஃகு லாடத்துக்கு உதவாது. நம் எஃகில் கரி ஏறத்தாழ 1.5 விழுக்காடு இருந்தது. அது கடினமானது, ஆனால் அடித்து வளைக்கும்போது எளிதில் வெடித்துவிடும். லாடத்துக்கு வேண்டியது கரி மிகக் குறைந்த மெல்லிரும்பு. அது குளம்பின் வடிவுக்கு வளைய வேண்டும், தேய வேண்டும், தேய்ந்ததும் கழற்ற வர வேண்டும்.

குளம்பு என்பது என்ன?

குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில். நாம் நடுவிரல் நகத்தின்மீது நடப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் அதன் நிலை விளங்கும். வெளியே தெரியும் குளம்புச் சுவர் நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அதன் உள்ளே குளம்பெலும்பு இருக்கிறது. இந்த எலும்பு குளம்பின் அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது; அது சுவரிலிருந்து தொங்குகிறது! சுவரின் உட்புறத்தில் புத்தகத் தாள்களைப் போல 550-க்கும் மேற்பட்ட மெல்லிய தகடுகள் உள்ளன. எலும்பைப் போர்த்திய திசுவிலும் அதே போன்ற தகடுகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கின்றன. குதிரையின் முழு எடையும் இந்தக் கோப்பில்தான் தொங்குகிறது.

400 கிலோகிராம் எடையுள்ள குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடையில் ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களில் விழும். எனவே சும்மா நிற்கும்போதே ஒரு முன்னங்கால் 120 கிலோகிராம் சுமக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் ஒற்றை முன்னங்கால் உடல் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. மணலில் குளம்பு புதைந்து அடிப்பரப்பு முழுதும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால் நிற்கும்போது அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோகிராம்தான். கெட்டித் தரையிலோ சுவரின் விளிம்பு மட்டுமே தொடும். பரப்பு மூன்றில் ஒன்றானால் அழுத்தம் மூன்று மடங்கு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு என்று பள்ளியில் படித்தது இங்கே உயிருள்ள விலங்கின் வலியாக மாறுகிறது.

லாடம் தேய்வைத் தடுக்கும் ஒரு கவசம் என்பதே பொதுவான எண்ணம். நல்ல குளம்புக்கு அது போதும். நோயுற்ற குளம்புக்கு அது கவசமாக மட்டும் இருந்தால் போதாது. நெம்புகோலைத் திருத்தும் கருவியாகவும் வேண்டும். குதிரை காலை எடுக்கும்போது குதிகால் முதலில் எழுகிறது, கால்நுனி கடைசியில் தரையை விடுகிறது. அப்போது நுனியே ஆதாரப் புள்ளி. குளம்பின் உள்மூட்டிலிருந்து நுனிவரை உள்ள கிடைத்தொலைவு 8 சென்டிமீட்டர் என்றும், நுனியில் 100 கிலோகிராம் விசை என்றும் கணக்குக்காகக் கொள்வோம். மூட்டைப் பற்றிய திருப்புத்திறன் 800 கிலோகிராம்-சென்டிமீட்டர். பின்புறமாக இறங்கிக் குளம்பெலும்பைப் பற்றும் தசைநாண் மூட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில் இழுக்கிறது எனில் அதன் இழுவிசை 200 கிலோகிராம் ஆகவேண்டும். சீவாமல் விட்டதால் நுனி 2 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசை 250 ஆகிவிடும்! ஒவ்வோர் அடிக்கும் 50 கிலோகிராம் கூடுதல். தசைநாணும் அதன் கீழுள்ள சிற்றெலும்பும் எத்தனை நாள் தாங்கும்?

லாடம் அடிப்பவர் செய்யும் சிகிச்சை இதிலிருந்து விளங்கும். முதலில் குளம்பை இழைத்து நுனியைக் குறைக்கிறார். பிறகு லாடத்தின் முன்பகுதியை மேல்நோக்கி வளைத்து உருட்டிவிடுகிறார். ஆதாரப் புள்ளி பின்னே நகர்கிறது. குதிகால் பக்கம் ஆப்பு வடிவில் தடித்த லாடம் தசைநாணைத் தளர்த்தும். குதிகால் நலிந்த குதிரைக்கு லாடத்தின் இரு முனைகளையும் பின்னால் இணைத்து முட்டை வடிவாக்குவார்கள். தாங்கும் பரப்பு பின்புறம் நீளும். குளம்பின் அடியில் நடுவே முக்கோண வடிவில் மெத்தை போன்ற ஒரு பகுதி உண்டு. இணைத்த பட்டையை இதய வடிவில் முன்னே நீட்டி அதன்மேல் படியச் செய்தால், சுவர் சுமக்க முடியாத எடையில் ஒரு பகுதியை அந்த மெத்தை ஏற்கும்.

இந்த இதய வடிவ லாடம் முதன்மையாக ஒரு கொடிய நோய்க்கானது. லேமினைடிஸ் எனப்படும் அந்நோயைக் குளம்புத் தகட்டு அழற்சி எனலாம். கோத்து நிற்கும் தகடுகள் பிரிந்துவிடுகின்றன. தசைநாணின் இழுப்பால் குளம்பெலும்பு உள்ளேயே சுழன்று, அதன் நுனி அடித்தளத்தை நோக்கி இறங்குகிறது. மிகுதியான மாவுச்சத்து உணவு இதற்கு ஒரு பெருங்காரணம். இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தாலே இந்நோய் தோன்றும் என்பதை 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மட்டக் குதிரைகளில் காட்டினர்.

இப்போது மார்க்கோ போலோவிடம் திரும்புவோம். இந்நாட்டில் குதிரைக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் ஊட்டுகிறார்கள் என்கிறார் அவர். வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுப்பதாக வஸ்ஸாப் கூறுகிறார். பாலைநிலப் புல்லையும் வாற்கோதுமையையும் தின்று ஓடித் திரிந்த அரபுக் குதிரையைக் கொட்டிலில் கட்டிவைத்துச் சோறும் நெய்யும் ஊட்டினால் என்ன நேரும்? இன்றைய கால்நடை மருத்துவர் எவரும் முதலில் குளம்பைத்தான் தொட்டுப் பார்ப்பார். இங்கே ஈன்ற குட்டிகள் கால் கோணிப் பிறந்தன, சவாரிக்கு உதவவில்லை என்ற குறிப்பும் போலோவிடம் உண்டு. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து பாஸ்பரஸ் மிகுந்த தீவனம் குதிரையின் எலும்பைக் கெடுக்கும் என்பது இன்று தெரிந்த செய்தி. அரிசித் தவிடு அத்தகைய தீவனமே. அன்பு மிகுதியால் ஊட்டியே கொன்றார்கள் என்பது என் ஊகம்.

ஆனால் எல்லாப் பழியையும் குளம்பின்மீது போட இயலாது. 'சர்ரா' என்னும் இரத்த நோய் இந்தியக் குதிரைகளை வாரிக்கொண்டு போனது. அதன் நுண்ணுயிரை 1880-இல் பஞ்சாபில் கண்டறிந்தவர் கிரிபித் எவான்ஸ். ஈக்கள் பரப்பும் அந்நோய்க்கு எந்த லாடமும் மருந்தாகாது. மேலும் இந்தியருக்குக் குதிரை மருத்துவமே தெரியாது என்பதும் பிழை. சாலிஹோத்திரர் பெயரால் வடமொழியில் பெரும் மருத்துவ மரபே இருந்தது. நகுலர் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களுடன் அச்சிட்டிருக்கிறது. ஏட்டில் இருந்த அறிவு கொட்டிலில் குனிந்து காலைத் தூக்கிப் பிடித்தவனுக்கு எட்டியதா என்பதுதான் கேள்வி. ஏடு படித்தவன் உலை ஊதவில்லை. உலை ஊதியவனுக்கு ஏடு கிட்டவில்லை. நம் தொழில்நுட்ப வரலாற்றில் பல இடங்களில் காணும் இடைவெளி இது.

ஐரோப்பாவிலும் ஆணி அடித்த லாடம் மிகப் பழையதன்று. கிரேக்கர் கல் பரப்பிய முற்றத்தில் குதிரையை நிறுத்திக் குளம்பை உரமாக்கினர். ரோமர் இரும்புச் செருப்பைக் கட்டினர். பிறை வடிவ இரும்பும் ஆணியும் கி.பி. 900-ஐ ஒட்டிய பைசாந்தியப் படை நூலில் தெளிவாக வருகின்றன. குளம்பு கல்லைப் போன்ற பொருள் அன்று, எடை விழும்போது குதிகால் பக்கம் விரிந்து, எடை நீங்கும்போது சுருங்குகிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரேசி கிளார்க் வற்புறுத்தினார். ஆகவேதான் நல்ல தொழிலாளி ஆணிகளைக் குளம்பின் முன்பாதியிலேயே அடிப்பார், பின்பாதியைக் கட்டிவிடமாட்டார்.

அதே காலத்தவரான வில்லியம் மூர்கிராப்டின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. பிரான்சின் லியோன் கால்நடைக் கல்லூரியில் பயின்ற முதல் ஆங்கிலேயர் இவர். லாடங்களை இயந்திரத்தால் செய்ய 1796-இல் காப்புரிமை பெற்றார். முயற்சியில் பணம் கரைந்தது. 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையை நடத்த வங்காளம் வந்தார். நல்ல குதிரைகளைத் தேடி இமயத்தைக் கடந்து புகாரா வரை சென்று, 1825-இல் திரும்பும் வழியில் ஆப்கானிய மண்ணில் இறந்தார். இயந்திர லாடத்தை வெற்றியாக்கியவர் அமெரிக்காவின் ஹென்றி பர்டன். அவருடைய காப்புரிமை 1835-ஐச் சேர்ந்தது.

கம்பெனிக்குக் குதிரைமேல் அவ்வளவு கவலை ஏன் என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தார் எளிதில் உணரலாம். 1780-இல் ஐதர் அலியின் குதிரைப்படை இப்பகுதியைச் சூறையாடியது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சியில் நின்ற மன்ரோ தம் படையோடு செங்கல்பட்டுக்குப் பின்வாங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றார். விரையும் குதிரை எவரிடம் இருந்ததோ அவரே அன்று நாட்டின் சோற்றைத் தீர்மானித்தார். ஏனெனில் பயிர் எரிந்த பின் வந்தது பஞ்சம்.

குதிரைப்படைகளோடு லாடத் தொழிலும் இங்கே வேரூன்றியது. உருது வழங்கிய படைகளில் இவரை 'நால்பந்து' என்றனர். ஆயினும் நம் ஊர்களில் பெரும்பாலோர் கண்டது மாட்டு லாடமே. மாட்டுக் குளம்பு பிளந்தது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கால்களைக் கட்டி அடிப்பார்கள். சந்தையில் கிடைக்கும் ஆயத்தத் தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே அடிப்பது வழக்கம். திருத்த லாடம் அப்படி அமையாது. ஒவ்வொரு காலுக்கும் தனி வடிவம்.

உலைக்களத்தில் பாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டை இரும்பு உலையில் செந்நிறமாகி ஆரஞ்சு நிறம் ஏறுகிறது. இப்போது வெப்பநிலை 900 டிகிரி செல்சியசை எட்டிவிட்டது, நிறமே வெப்பமானி. பட்டடையின் கொம்பில் வைத்து வளைக்கிறார், ஆணிக்காகக் காடி வெட்டுகிறார், துளையிடுகிறார். அந்தச் சூட்டில் பட்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். சூடாக இருக்கையில் அச்சாகப் பொருந்திய லாடம் ஆறியதும் சற்றுக் குறுகும். கைதேர்ந்தவர் இதைக் கணக்கிட்டே அடிக்கிறார். மங்கிய செஞ்சூட்டில் லாடத்தைக் குளம்பில் ஓரிரு நொடி வைத்து எடுக்கும்போது மயிர் கருகும் மணத்துடன் புகை எழும். குதிரை துள்ளுவதில்லை, கெரட்டின் வெப்பத்தை எளிதில் கடத்தாது. கருகிய தடம் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பதே மேடுபள்ளம் காட்டும் வரைபடம்.

1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபின், ஏட்டுக்கும் உலைக்கும் இடையே பாலம் கிடைத்தது. இன்று குளம்பெலும்பு எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று எக்ஸ்-கதிர்ப் படத்தில் அளந்து, அதற்கேற்ப லாடத்தை அமைக்கின்றனர். அலுமினிய லாடமும், ஆணியின்றிப் பசையால் ஒட்டும் லாடமும் வந்துவிட்டன.

மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளைக் காணும் மாணவர்கள் ஒன்று செய்யலாம். குதிரை நேராக நிற்கும்போது பக்கவாட்டில், எட்ட நின்று பாருங்கள். குளம்பின் முன்விளிம்புக் கோடும், அதற்கு மேலுள்ள கணுவின் சாய்வுக் கோடும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்க வேண்டும். குளம்பு முன்னே நீண்டு கோடு உடைந்திருந்தால், அந்தத் தசைநாண் தன் பங்குக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. மணலில் அது அவ்வளவாகத் தெரியாது. குதிரை தார்ச்சாலைக்கு ஏறும்போது அதன் முன்னங்கால் நடையைக் கவனியுங்கள்.