நத்தார் வாழ்த்து: தபால் முதல் வட்ஸ்அப் வரை

எங்கள் பள்ளிக்காலத்தில் நத்தார் வாழ்த்து தபாற்காரரின் சைக்கிளில் வந்தது. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் அச்சிடுவித்த வாழ்த்து மடலின் தொடர்ச்சி அது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் தோழியர் பலர் கடல் கடந்தனர், முகவரிகள் தொலைந்தன.

1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்ட உலகின் முதல் குறுஞ்செய்தியும் நத்தார் வாழ்த்துத்தான். அந்த வசதி எங்கள் கைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன.

2004இல் நத்தாருக்கு மறுநாட் காலை ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையைத் தாக்கியது. முதல்நாள் வாழ்த்தியவர்களையே "உயிரோடு இருக்கிறாயா?" என்று தேடினோம்.

2009இல் வட்ஸ்அப் வந்தது. தொலைந்த தோழியர் ஒவ்வொருவராகக் கிடைத்தனர். இன்று உவர்மலையிலும் டொரொன்டோவிலும் இருந்து ஒரே குழுவில் வாழ்த்துகிறோம். சைவ, இஸ்லாமியத் தோழியரும்தான். எங்களுக்கு அது வகுப்பு இடாப்பு. ஒவ்வொரு வாழ்த்தும் "இருக்கிறேன்" என்ற குரல். ஆகவே, வந்த படத்தை அப்படியே அனுப்பாமல், பெயரோடு ஒரு வரியாவது எழுதுவோம்.