காலிக் கட்டமும் பூஜ்ஜியமும்



1798-லேயே வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கினார்கள். 1970களில் சென்னைக் கரையில் இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைக்குழிகளை எண்ணத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்களே அமைப்பாகச் சேர்ந்து அந்த நடையைத் தொடர்ந்தார்கள். எங்களைப் போன்ற பள்ளி ஆசிரியர்களுக்கு வழி திறந்தது 1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. வழிகாட்டி ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பயிற்சி நடத்தியது.

எனக்குக் கிராஃப் போடத் தெரியும், தரவைப் பாதுகாக்கத் தெரியாது. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்தி தினமும் விடியலில் கரையில் நடந்து, ஆமைக்குழிகளை நோட்டில் குறித்து வந்தாள். பெரும்பாலும் '0'தான். படம் அழகாக வரட்டும் என்று அவற்றை அழிக்கச் சொன்னேன். ரப்பரால் அழித்துவிட்டாள்.

பயிற்சியில் நோட்டைப் பார்த்தவர் கேட்டார்: "டீச்சர், போகாத நாளும், போய் ஒன்றும் காணாத நாளும் ஒன்றா?"

30 நாள் நடந்து, 6 நாளில் ஒவ்வொரு குழி கண்டால் சராசரி நாளுக்கு 0.2. பூஜ்ஜியங்களை நீக்கினால் அது 1. ஐந்து மடங்கு பொய்! எந்த நாள் நடந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அந்த ஆய்வை அனுப்ப முடியவில்லை.

அதன்பின் என் வகுப்பில் மூல நோட்டில் யாரும் ரப்பர் வைத்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். காரணத்தை இன்றுதான் சொல்கிறேன்.

அம்மா, நீ இதைப் படித்தால்: நீ எழுதியதுதான் சரி. தப்பு என்னுடையது.