கல்லில் பிறந்த தீ

தீக்கடைகோலைச் சங்கப் புலவர்கள் ‘ஞெலிகோல்’ என்றனர். மரத்தோடு மரம் உரசித் தீப் பிறந்த முறை அது. கல்லும் இரும்பும் மோதித் தீப் பிறப்பது மற்றொரு முறை. அக்கல்லே சக்கிமுக்கிக் கல். 18ஆம் நூற்றாண்டில் அச்சிறு கல் நம் தென்பாண்டிச் சீமையின் போர்க்களங்களிலும் பொறி பறக்கச் செய்தது.

சுந்தரபாண்டியத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியே தெற்கே செல்வோர் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் ஆகிய ஊர்களைக் காண்பர். இவை பாளையக்காரர் காலத்து நினைவுகளைத் தாங்கி நிற்கும் ஊர்கள். பாளையத்து வீரர்கள் வாள், ஈட்டிகளோடு திரித்துப்பாக்கியும் ஏந்தினர். கனலும் திரியே அதில் மருந்தைப் பற்ற வைத்தது. திரி முறுக்க உள்ளூர் நூல் போதும். ஆயினும் மழையில் அது அவிந்துவிடும். இருளில் அதன் கனல் ஆளைக் காட்டிக் கொடுக்கும். கும்பினிச் சிப்பாய்கள் ஏந்தியதோ சக்கிமுக்கித் துப்பாக்கி.

அதில் கல்லைப் பூட்டுவது ஒரு கைத்திறன். விசையோடு இயங்கும் சுத்தியின் இரு தாடைகளுக்கிடையே கல் வைக்கப்படும். வெறும் இரும்பு கல்லை இறுகப் பற்றாது. இறுக்கினால் கல் விரிசல் விடும். எனவே தோல் துண்டையோ ஈயத் தகட்டையோ மடித்துக் கல்லைச் சுற்றி, மேல் திருகாணியை முடுக்குவர். கல்லின் கூர்விளிம்பு எதிரேயுள்ள எஃகுத் தகட்டின் அகலம் முழுதும் நேராகப் படவேண்டும். ஒரு முனை மட்டும் பட்டால் பொறி குறையும். விசை பாதி ஏற்றிய நிலையில் கல் தகட்டைத் தொடலாகாது. சுத்தி பாய்ந்ததும் தகடு பின்சாய்ந்து கிண்ணியைத் திறக்க, பொறி மருந்தில் விழும். பலமுறை சுட்டபின் விளிம்பு மழுங்கும்; அப்போது கல்லைப் புரட்டிப் பூட்டுவர், அல்லது தட்டிக் கூராக்குவர், அல்லது மாற்றுவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆங்கிலப் படைக்கு இக்கற்களைப் பெருமளவில் வழங்கிய ஊர் இங்கிலாந்தின் பிராண்டன்.

எனினும் கல் ஒன்றே வெற்றி தரவில்லை. 1755இல் நெற்கட்டான்செவல் கோட்டைமுன் வந்த கர்னல் ஹெரான், பெரும் பீரங்கியின்றித் திரும்ப நேர்ந்தது. 1761 மே மாதத்தில் வாசுதேவநல்லூர்க் கோட்டை வீழ்ந்தபோது, தாக்கிய படையை நடத்தியவர் யூசுப்கான். அவரும் தமிழ் மண்ணின் மைந்தரே. அவர்தம் சிப்பாய்களுள்ளும் தமிழர் பலர் இருந்தனர். அவரையே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1801 டிசம்பர் முதல் நாள் வெளியான கும்பினியின் பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது. திரியும் அவிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெடிமூடித் துப்பாக்கி வந்து, கல்லும் வழக்கொழிந்தது.

கோட்டைகளின் பெயரை நாம் மறக்கவில்லை. கோட்டைக்குள் திரி முறுக்கிய கையும், வெளியே தோல் மடித்துக் கல் பூட்டிய கையும் பெரும்பாலும் ஒரே மொழி பேசியவர் கைகள் என்பதை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம். பத்தாண்டு கண்ட நம் இலக்கிய வட்டம், அந்தப் பெயரறியா மாந்தரின் வரலாற்றையும் தேடுமாக!