நீர்ப்பையை ஆளும் நரம்பு

உடல் நோய்களுள் பிறரிடம் சொல்லி ஆறுவன சில. சொல்ல நாணி மறைப்பன சில. சிறுநீரை அடக்க இயலாமையும், சேர்ந்த நீரைக் கழிக்க இயலாமையும் இரண்டாம் வகையின. இவற்றை முதுமையின் இயல்பு என்றோ, மனவுறுதியின் குறைவு என்றோ கருதுவார் இன்றும் பலர். இவற்றுள் பல நரம்பின்பாற்பட்ட குறைகள் என்பதையும், அந்நரம்பை மின்னோட்டத்தால் நெறிப்படுத்தலாம் என்பதையும் மருத்துவ வரலாறு காட்டுகிறது.

முதற்கண் உறுப்பின் அமைப்பை அறிதல் வேண்டும். சிறுநீர்ப்பை நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை போன்றது. அதன் சுவர் தசையாலானது. வாயைச் சுருக்குத்தசை இறுக்கி நிற்கும். நீர் சேரும்போது சுவர் தளர, வாய் இறுகும். கழிக்கும்போது வாய் தளர, சுவர் இறுகும். இம்முறை பிறழாமல் காப்பவை முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பின் துளைகள் வழியே வரும் நரம்புகள். இவற்றை ஆளும் தலைமையிடம் மூளையின் தண்டுப் பகுதியில் உள்ளது என்பதை லண்டன் மருத்துவர் பாரிங்டன் பூனைகளை ஆராய்ந்து 1925-இல் காட்டினார்.

இந்நரம்பு வழி அறுந்தால் விளைவது நாணம் மட்டுமன்று, மரணமும் ஆகும். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் காயம்பட்ட வீரருள் மிகப் பலர், குண்டுக்குத் தப்பியும், நீர்ப்பையில் தேங்கிய நீரால் நச்சுக்கிருமி பரவியும் படுக்கைப் புண்ணாலும் மாண்டனர். ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் புகுந்த லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் இத்தகையோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். தூய்மை செய்த குழாயால் குறித்த வேளைகளில் நீரை அகற்றும் முறையை அங்கே வற்புறுத்தினார். உயிர்கள் காக்கப்பட்டன, ஆயினும் நீர்ப்பை தானே இயங்கவில்லை.

அதனை மின்சாரத்தால் இயக்கலாமோ என்னும் எண்ணம் புதியதன்று. தவளையின் தசை மின்னால் துடிப்பதை இத்தாலியின் கால்வானி 1791-இல் நூலாக வெளியிட்டார். டென்மார்க்கின் சாக்ஸ்டார்ப் 1878-இல் நீர்ப்பைக்குள்ளேயே மின்முனையைச் செலுத்தி மருத்துவம் செய்தார். 1958-இல் ஸ்டாக்ஹோமில் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி ஒரு நோயாளியின் உடலுக்குள் பொருத்தப்பட்டது. மின்கருவி உடலுக்குள்ளேயே குடியிருக்கலாம் என்ற துணிவு அதனால் வலுப்பெற்றது. 1963-இல் இங்கிலாந்தின் கால்டுவெல், சுருக்குத்தசையை மின்னால் இறுகச் செய்யும் கருவியைப் பொருத்தியதை வெளியிட்டார்.

நீரைக் கழிக்கச் செய்வதிலோ பெரியதொரு தடை நின்றது. நரம்பு வேரைத் தூண்டினால் சுவரும் சுருக்குத்தசையும் ஒருங்கே இறுகும். பையை அமுக்கிக்கொண்டே அதன் வாயையும் கட்டினால் நீர் எங்ஙனம் வெளியேறும்? இச்சிக்கலை அவிழ்த்தவர் லண்டனில் பணியாற்றிய உடலியல் அறிஞர் ஜைல்ஸ் பிரின்ட்லி. சுருக்குத்தசை விரைந்து இறுகி விரைந்து தளரும். நீர்ப்பைச் சுவரோ மெல்ல இறுகி மெல்லத் தளரும். ஆதலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தினால், ஓட்டம் நின்ற இடைவேளையில் வாய் திறந்திருக்கும். சுவர் இன்னும் இறுகியே இருக்கும். நீர் வெளியேறும். 1970-களில் குரங்குகளில் ஆராய்ந்த பின்னர், அப்பத்தாண்டு முடியுமுன்னரே மனிதர்க்கும் இக்கருவியைப் பொருத்தினார். உள்ளிருக்கும் கருவிக்கு மின்கலம் இல்லை. தோலின்மேல் வைக்கும் சாதனம் வானொலி அலையால் அதனை இயக்கும். இது தண்டுவடம் முறிந்தோர்க்குரியது. பின்னாளில் இதனோடு உணர்வு நரம்பு வேர்களை அறுப்பதும் வழக்கமாயிற்று. அதனால் எஞ்சிய உணர்வுகள் சிலவற்றை இழக்கவும் நேர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எமில் தனாகோ, ரிச்சர்ட் ஷ்மிட் இருவரும் வேறு வழி கண்டனர். தசைக்கு ஆணையிடாமல், மூன்றாம் அடிமுதுகு நரம்பை மென்மையாக, தொடர்ந்து தூண்டினர். நீர்ப்பைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே குழம்பிய செய்திப் போக்கு அதனால் ஒழுங்குற்றது. அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 1997-இல், அவசர உணர்வோடு நீர் கசிவோர்க்கு இம்முறையை ஏற்றது. 1999-இல் அடிக்கடி நீர் கழிப்போர்க்கும், அடைப்பின்றியே நீர் தேங்குவோர்க்கும் ஏற்றது. நீர் கசிவோர்க்கும் நீர் தேங்குவோர்க்கும் ஒரே கருவி பயன்படுதல் வியப்பன்றோ! கேடு பையில் அன்று, அதனை ஆளும் நரம்பின் ஒழுங்கில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எடுத்த எடுப்பில் இக்கருவியைப் பொருத்துவதில்லை. அமெரிக்க மருத்துவர் கீகெல் 1948-இல் வெளியிட்ட இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, குறித்த வேளையில் நீர் கழிக்கும் பழக்கம், மருந்து ஆகியவை முதலில் வரும். அவை பயனளிக்காவிடில், மெல்லிய கம்பியொன்றைச் செலுத்திச் சில நாள் சோதிப்பர். தொல்லை பாதியளவேனும் குறைந்தால் மட்டுமே, சிறு கருவியைப் பிட்டத்தின் மேற்புறத் தோலுக்கடியில் வைப்பர். கம்பி இடம் பெயர்தல், கிருமி தாக்குதல், மின்கலம் தீர்தல் ஆகியவற்றால் மீண்டும் அறுவை தேவைப்படுவதும் உண்டு. 2019-இல் மின்னேற்றம் செய்யத்தக்க கருவிக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பயன் எல்லார்க்கும் ஒருபடித்தன்று, செலவும் மிகுதி.

மருத்துவம் இவ்வளவு தொலைவு வந்துவிட்டது. நோயாளி மருத்துவரிடம் சொல்லும் ஒரு சொல்தான் பல வீடுகளில் இன்னும் வெளிவரவில்லை. விழாவுக்கு வர மறுக்கும் பாட்டியையும், பேருந்துப் பயணத்தை அஞ்சும் தாயையும், அடிக்கடி வெளியே செல்ல இசைவு கேட்டு ஏச்சுப் பெறும் மாணவனையும் நாம் பார்த்தும் வினவுவதில்லை. நலக்கல்விப் பாடத்தில் இதயத்தையும் நுரையீரலையும் விளக்குவது போன்றே நீர்ப்பையையும் நகைப்பின்றி விளக்குதல் ஆசிரியர் கடன். கூசாமல் சொல்லப் பழகிய பிள்ளை நாளை தன் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்.