கட்டியக்காரனின் கேலி

2008 ஜூலை 12ஆம் நாள் பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் 67,733 பேர் கூடினர். அன்று விளையாட்டுப் போட்டி எதுவும் இல்லை. மாரியோ பார்த் என்னும் நகைச்சுவையாளர் தம் காதலியோடு நேரும் சச்சரவுகளைச் சொல்லி அத்தனை பேரையும் சிரிக்க வைத்தார். கின்னஸ் நூலும் அதனைச் சாதனையாகப் பதிந்தது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமையே அவருடைய தொழிலுக்கு முதல்.

இதனைப் புதுமை என வியக்குமுன் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தெருக்கூத்தை நாம் நினைவுகூர வேண்டும். செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகக் கொள்ளும் நிலம் இது. கோடைகாலத் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். கூத்தின் தொடக்கத்திலேயே அவையேறுபவன் கட்டியக்காரன். அரசனின் விருதுப்பெயர்களை உரக்கக் கூறுவது கட்டியம்; அதனால் வந்த பெயர் இது. சிந்தாமணியில் சச்சந்தனை வீழ்த்திய அமைச்சன் கட்டியங்காரனுக்கும் இவனுக்கும் பெயரளவில்தான் உறவு.

புகழ்பாட வந்தவனே கேலி பேசுபவனாகவும் இருப்பது இக்கலையின் நுட்பம். வேடதாரிகள் விருத்தம் பாடிப் புராண காலத்தில் நிற்க, இவன் ஊர்ப்பேச்சில் விலைவாசியையும் வீட்டுச் சண்டையையும் பேசுகிறான். கர்ண மோட்சத்தில் குலத்தைச் சொல்லிக் கணவனை இகழ்கிறாள் பொன்னுருவி. அவனோ போருக்கு விடைபெற வந்தவன். அத்துயரத்தையும் நம் வீட்டு வழக்காக்கிக் காட்டக் கட்டியக்காரனால் முடியும்.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைத் தொல்காப்பியர் வகுத்தார். சங்க மருதத்தில் எள்ளும் உரிமை பெரிதும் தலைவிக்கும் தோழிக்கும் உரியது. எள்ளப்படுபவர் தலைவனும் அவனுக்கு வாயிலாக வரும் பாணனுமே. ஆண்களே பெண்வேடமும் புனைந்த கூத்தரங்கில் அவ்வுரிமை ஆணின் கைக்கு மாறிற்று. மனைவியைப் பற்றிய கேலியைக் கணவனே சொல்ல, எதிரே அமர்ந்த பெண்கள் கேட்டுச் சிரித்தனர்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பெர்லின் மேடையில் காதலி பேசுபொருள் மட்டுமே. அவள் மறுமொழி சொல்வதில்லை. கூத்திலோ பொன்னுருவி அவையில் நின்று வாதிடுகிறாள். துகிலுரியும் இரவில் திரௌபதி வினவும்போது கேலி அடங்குகிறது. வேடத்தைத் தெய்வமாகவே எண்ணிக் கைகூப்புவோரும் உண்டு. எதைச் சிரிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்த அவை அறிந்திருந்தது.

1990இல் காஞ்சிபுரம் பகுதியில் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. 2002இல் அது தொடங்கிய குருகுலத்தில் சிறுமியரும் பயின்றனர். கட்டியக்காரனின் குல்லாயைப் பெண்கள் இயல்பாக அணியும் காலம் வருமாயின், மருதத்துத் தோழியின் பழைய உரிமை மீண்டதாகவே நாம் கொள்ளலாம்.