மருந்தின் பெயரும் விலையும்

காப்புறுதி எதுவுமற்ற நோயாளி மருந்துச் சீட்டுடன் கடைக்குச் செல்லும்போது, அவர் செலுத்தும் விலையில் ஒரு பகுதி மருந்தின் பெயருக்கே உரியதாகும். நோவைத் தணிக்கும் பரசிற்றமோல் என்பது பொதுப்பெயர். பனடோல் என்பது வணிகப்பெயர். இரண்டிலும் தொழிற்படும் இரசாயனப் பொருள் ஒன்றே.

இவ்வேறுபாட்டை இலங்கையில் அரச கொள்கையின் அடிப்படையாக்கியவர் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். அவரும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் அளித்த அறிக்கையை ஒட்டி அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றியது. நாட்டிற் புழங்கிய 2000 இற்கு மேற்பட்ட மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. கூட்டுத்தாபனம் உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி, பொதுப்பெயரில் மலிவாகக் கொள்வனவு செய்தது.

பல்தேசியக் கம்பனிகள் இதனை எதிர்த்தன. மருத்துவருட் சிலர் தரம் குன்றுமென அஞ்சினர். அவ்வச்சம் முற்றாக ஒதுக்கத்தக்கதன்று. தரப் பரிசோதனையின்றி மலிவு மருந்து மக்களின் நம்பிக்கையைப் பெறாது.

1977 இல் ஆட்சி மாறியபின் தனியார் இறக்குமதி மீண்டும் தழைத்தது. அவ்வாண்டிலேயே பிபிலே கயானாவிற் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். இலங்கையில் 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது.

பொதுப்பெயரில் எழுதித்தருமாறு மருத்துவரை வேண்டுவது நோயாளியால் இயலும். அம்மருந்து தரமுடையதாய், கடையிற் கிடைப்பதாய் இருக்கச் செய்வது அரசின் கடமையாகும்.